மீட்டெடுப்பும் இழப்பும்: ஜெர்மிஞி-தே-ப்ரே சிற்றூர்த் தேவாலயத்தின் கட்டடக்கலை வரலாறு – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பிரான்சு நாட்டின் லுவாரே மாவட்டத்தில் உள்ள ஜெர்மிஞி-தே-ப்ரே என்னும் சிற்றூரின் தேவாலயம், அந்நாட்டின் மிகப் பழமையான தேவாலயங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. ஓர்லேயான் நகர ஆயர் தெயோடுல்ஃப் 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனை எழுப்பினார். ஆயினும் இன்று நிற்கும் சுவர்களின் பெரும்பகுதி 1867 முதல் 1876 வரை நடைபெற்ற மறுசீரமைப்பின்போது புதிதாகக் கட்டப்பட்டதாகும். இக்கட்டுரை அத்தேவாலயத்தின் தரைத்திட்டம், கிழக்கு மாடத்தின் மொசைக் ஓவியம், இடைக்கால மாற்றங்கள், 19ஆம் நூற்றாண்டு மறுசீரமைப்பு ஆகியவற்றை வரிசைப்பட ஆராய்கிறது. இக்கட்டடத்தை மூலபாடமாக அன்றி, ஒரு பதிப்பாசிரியரின் கைபட்ட பதிப்பாகக் கொண்டு வாசிப்பதே பொருத்தமுடையது என்பதை இது நிறுவ முயல்கிறது.

திறவுச் சொற்கள்: ஜெர்மிஞி-தே-ப்ரே, தெயோடுல்ஃப், கரோலிங்கியக் கட்டடக்கலை, உடன்படிக்கைப் பேழை, மொசைக், மறுசீரமைப்பு, ஜுஸ்த் லிஷ்.

முன்னுரை

பழங்கட்டடம் ஒன்றை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், அக்கட்டடத்தின் எந்தப் பகுதி எந்தக் காலத்தது என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். சுவடியொன்றைப் பதிப்பிப்பவர் மூலபாடம் எது, பாடவேறுபாடு எது, இடைச்செருகல் எது எனப் பிரித்துணர்வது போன்றதே இதுவும். ஆனால் சுவடியில் இருந்த பாடத்தைப் பதிப்பாசிரியர் மாற்றினாலும் சுவடி எஞ்சியிருக்க வாய்ப்புண்டு. கட்டடத்தில் அவ்வாய்ப்பு அரிது. பழைய சுவரை இடித்துப் புதிய சுவர் எழுப்பியபின், முன்னிருந்ததை ஒப்புநோக்க வரைபடங்களும் சில சிதறிய துண்டுகளுமே மிஞ்சுகின்றன.

இச்சிக்கலை மிகக் கூர்மையாக வெளிப்படுத்துவது ஜெர்மிஞி-தே-ப்ரே தேவாலயம். ஓர்லேயான் நகருக்குக் கிழக்கே, லுவார் ஆற்றின் வடகரைச் சமவெளியில், ஆயிரத்துக்கும் குறைவான மக்கள் வாழும் சிற்றூர் இது. புகழ்பெற்ற ஃப்ளெரி மடம் அமைந்துள்ள சேன்-பெனுவா-சுர்-லுவார் இதிலிருந்து ஏறத்தாழ 5 கி.மீ. தொலைவில் உள்ளது. அளவில் சிறிய இத்தேவாலயம் ஐரோப்பியக் கலை வரலாற்று நூல்களில் தொடர்ந்து இடம்பெறுகிறது. சார்லமேன் காலக் கட்டடக்கலைக்கும், பிரான்சில் எஞ்சியுள்ள அக்கால மொசைக் கலைக்கும் இது முதன்மைச் சான்றாகக் காட்டப்படுகிறது. அச்சான்று எந்த அளவுக்கு உறுதியானது என்னும் வினாவே இக்கட்டுரையின் மையமாகும்.

நிறுவியவரும் காலமும்

தெயோடுல்ஃப் விசிகோத்திய வழிவந்தவர். ஐபீரிய மண்ணின் கல்வி மரபில் தோய்ந்து, பின்னர் சார்லமேன் அரசவையின் அறிஞர் குழுவில் இடம்பெற்றார். கவிஞர், இறையியலாளர், விவிலியப் பாடத்தைத் திருத்திச் செம்மை செய்தவர் எனப் பல நிலைகளில் அறியப்படுபவர். ஏறத்தாழ 798 முதல் ஓர்லேயானின் ஆயராகவும் ஃப்ளெரி மடத்தின் தலைவராகவும் விளங்கினார். ஜெர்மிஞியில் தமக்கென ஊர்ப்புற மாளிகை ஒன்றை அமைத்துக்கொண்டார். அம்மாளிகையைச் சார்ந்த தனி வழிபாட்டிடமாகவே இச்சிற்றாலயம் எழுந்தது. மாளிகை மறைந்துபோக, சிற்றாலயம் மட்டும் நிலைத்தது. தொடக்கத்தில் இது ஊர்மக்களுக்கான கோயில் அன்று. ஓர் அறிஞரின் தனிக்கோயில் என்பது அதன் வடிவத்தைப் புரிந்துகொள்ள இன்றியமையாத செய்தியாகும்.

சார்லமேன் 814இல் மறைந்தபின் தெயோடுல்ஃபின் செல்வாக்கும் சரிந்தது. புதிய பேரரசர் லூயிக்கு எதிராக இத்தாலியின் அரசர் பெர்னார்ட் செய்த கிளர்ச்சியில் பங்கேற்றார் என்னும் குற்றச்சாட்டின் பேரில், 818இல் அவர் பதவி நீக்கப்பட்டு ஆஞ்சே நகரில் சிறைவைக்கப்பட்டார். 821இல் இறந்தார்.

தேவாலயம் அர்ப்பணிக்கப்பட்ட ஆண்டு 806 எனப் பெரும்பாலான நூல்கள் குறிக்கின்றன. கிழக்குத் தூண்களில் காணப்படும் கல்வெட்டு 806ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாளைக் குறிப்பிடுவதே இதற்கு அடிப்படை. ஆனால் அக்கல்வெட்டின் தொன்மை ஐயத்துக்கு இடமானது எனக் கருதும் ஆய்வாளர்கள் உளர். கல்வெட்டை ஒதுக்கி வைத்தாலும் கட்டடத்தின் காலம் பெரிதும் மாறுவதில்லை. தெயோடுல்ஃப் ஆயரான காலத்துக்கும் அவர் பதவி இழந்த 818க்கும் இடைப்பட்டதாகவே அது அமையும். ஆகவே ‘9ஆம் நூற்றாண்டின் தொடக்கம்’ என்பது உறுதியான கூற்று; ‘806’ என்பது மரபுவழிக் கூற்று. இவ்விரண்டையும் ஒரே தரத்தில் வைத்துப் பேசுவது பிழையாகும்.

தரைத்திட்டமும் முன்மாதிரி பற்றிய விவாதமும்

இத்தேவாலயத்தின் உட்பகுதி ஏறத்தாழ 10 மீட்டர் பக்க அளவுடைய ஒரு சதுரம். நான்கு சதுரத் தூண்கள் அச்சதுரத்தை ஒன்பது கட்டங்களாகப் பகுக்கின்றன. நடுக்கட்டத்தின்மேல் ஒளிக்கோபுரம் உயர்கிறது. அதன் சாளரங்கள் வழியே ஒளி மையத்தில் இறங்குகிறது. தொடக்க அமைப்பில் நான்கு பக்கங்களின் நடுவிலும் ஒவ்வோர் அரைவட்ட மாடம் வெளிநோக்கி வளைந்திருந்தது. கிழக்கு மாடம் பலிபீடத்துக்குரியது. அதன் இருபுறமும் சிறிய மாடங்கள் அமைந்திருந்தன. மாடங்களின் தரைவடிவும் உட்புற வளைவுகளும் முழு அரைவட்டத்தைக் கடந்து உள்நோக்கி ஒடுங்கும் குதிரைலாட வடிவம் கொண்டவை.

கிழக்கு மேற்காக நீண்ட கூடமுடைய தேவாலயங்களே மிகுதியாக எழுந்த மேற்கு ஐரோப்பாவில், மையம் நோக்கிய இத்திட்டம் விதிவிலக்கானது. எனவே இதன் முன்மாதிரி எது என்னும் வினா நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருகிறது. 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிசி மடத்துத் துறவி லெதால்த், தெயோடுல்ஃப் இத்தேவாலயத்தை ஆகன் நகரத் தேவாலயத்தின் மாதிரியில் எழுப்பினார் எனக் குறித்துள்ளார். சார்லமேனின் ஆகன் அரண்மனைச் சிற்றாலயமோ எண்கோண மையமும் பதினாறு பக்கச் சுற்றுப்பாதையும் மேல்தளமும் உடையது. ஜெர்மிஞியின் சதுரத் திட்டத்துக்கும் அதற்கும் வடிவ ஒற்றுமை மிகக் குறைவு. இம்முரணைக் கொண்டு லெதால்தின் கூற்றைப் புறந்தள்ளியவர்கள் உண்டு.

ஆனால் 1942இல் ரிச்சர்ட் கிரௌட்ஹைமர் முன்வைத்த கருத்து இம்முரணை வேறு கோணத்தில் காண உதவுகிறது. இடைக்காலத்தில் ஒரு கட்டடம் மற்றொன்றின் நகல் எனக் கூறப்பட்டால், அது வடிவத்தை அளந்து படியெடுத்ததைக் குறிப்பதில்லை. மூலத்தின் பொருட்செறிவுமிக்க சில கூறுகளைத் தேர்ந்து ஏற்றதையே குறிக்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். இவ்வாறு நோக்கினால் மையத் திட்டம், மையத்தின்மேல் உயரும் கோபுரம், மொசைக் அணி, பேரரசரைப் போலத் தம் மாளிகையை ஒட்டி வழிபாட்டிடம் அமைக்கும் நோக்கம் ஆகியவை ‘ஆகனின் மாதிரி’ என்னும் தொடருக்குப் போதிய பொருள் தருகின்றன. லெதால்தின் குறிப்பு கட்டட அளவைக் கூறவில்லை. கட்டியவரின் எண்ணத்தைக் கூறுகிறது எனக் கொள்ளலாம்.

வடிவத்தின் மூலத்தைக் கிழக்கில் தேடியவர்களும் உளர். நான்கு தூண்களும் நான்கு மாடங்களும் உடைய திட்டம் ஆர்மேனியாவின் எட்ச்மியாட்சின் பேராலயத்தை நினைவூட்டுவதால், யோசெஃப் ஸ்டிரிகோவ்ஸ்கி போன்றோர் மேற்கு ஐரோப்பியக் கட்டடக்கலைக்கு ஆர்மேனிய வேர்களைக் கற்பித்தனர். மாறாக, குதிரைலாட வளைவோ விசிகோத்திய ஐபீரியாவின் தேவாலயங்களில் பரவலாகக் காணப்படுவது. தெயோடுல்ஃபின் பிறப்புவழியை எண்ணும்போது இத்தொடர்பு இயல்பானதாகத் தோன்றுகிறது. எனினும் ஒரு கூறு தென்மேற்கிலிருந்தும் மற்றொரு கூறு கிழக்கிலிருந்தும் வந்தது எனப் பங்கிடுவதால் மட்டும் கட்டடம் விளங்கிவிடாது. பல மரபுகளை அறிந்த ஒருவர் தம் தனிக்கோயிலில் அவற்றை இணைத்தார் என்பதே சான்றுகள் தாங்கும் அளவிலான முடிவாகும்.

இவ்விவாதம் முழுவதும் ஒரு கூறையே பெரிதும் சார்ந்துள்ளது: தரைத்திட்டம். மறுசீரமைப்புக்கு முன்னர் வரையப்பட்ட படங்களால் அத்திட்டம் பெரும்பாலும் உறுதிப்படுகிறது. ஆகவே முன்மாதிரி பற்றிய ஆய்வு, கட்டடத்தின் நம்பத்தக்க பகுதியின்மேல் நிற்கிறது எனலாம். ஆனால் சுவரின் உயரம், கோபுரத்தின் அளவு விகிதம், கற்களின் அடுக்கு ஆகியவற்றை இன்றைய கட்டடத்திலிருந்து எடுத்து ஒப்பிடும் ஆய்வுக்கு அவ்வுறுதி இல்லை.

பேழை மொசைக்கும் திருவுருவ விவாதமும்

கிழக்கு மாடத்தின் வளைகூரையில் உள்ள மொசைக் ஓவியமே இத்தேவாலயத்தின் தனிப்பெரும் செல்வம். பொன்னிறப் பின்னணியில் உடன்படிக்கைப் பேழை நடுவே உள்ளது. பேழையின் மீது சிறிய கெருபுகள் இரண்டு. இருபுறமும் பேருருவான வானதூதர் இருவர். அவர்களின் கைகள் பேழையைச் சுட்டுகின்றன. இருவருக்கும் இடையே, விண்மீன்கள் நிறைந்த வானிலிருந்து இறைவனின் கை நீள்கிறது. கீழ்ப்பட்டையில் இலத்தீன் செய்யுள் வடிவிலான வாசகம் உள்ளது. காண்பவரைப் பேழையை நோக்குமாறு அழைத்து, தம் வேண்டுதலில் தெயோடுல்ஃபின் பெயரையும் சேர்த்துக்கொள்ளுமாறு அது கேட்டுக்கொள்கிறது.

தேவாலயத்தின் முதன்மை மாடத்தில் கிறிஸ்துவின் உருவமோ அன்னை மரியாவின் உருவமோ புனிதர் உருவமோ இடம்பெறுவதே அக்கால வழக்கம். இங்கு அவற்றுக்கு மாறாகப் பழைய ஏற்பாட்டின் பேழை இடம்பெற்றது ஏன் என்பதற்கு, தெயோடுல்ஃபின் இறையியல் பணியில் விடை உள்ளது. திருவுருவங்களுக்கு வணக்கம் செலுத்துவதை 787இல் இரண்டாம் நிசேயா சங்கம் ஏற்றது. அம்முடிவின் இலத்தீன் மொழிபெயர்ப்பைக் கண்ட சார்லமேன் அவை, அதனை மறுத்து 790களின் தொடக்கத்தில் விரிவான நூலொன்றை உருவாக்கியது. ‘சார்லஸின் நூல்கள்’ எனப் பொதுவாக வழங்கும் அந்நூலின் ஆசிரியர் தெயோடுல்ஃபே என்பதை, அதில் ஆளப்பட்ட விவிலிய மேற்கோள்களின் ஐபீரிய வழிபாட்டு மரபுச் சாயலைக் கொண்டு ஆன் ஃப்ரீமன் நிறுவினார். இக்கருத்து முதலில் எதிர்ப்புக்கு உள்ளாயினும் இன்று பெரும்பாலோரால் ஏற்கப்பட்டுள்ளது.

அந்நூல் உருவங்களை அழிக்கச் சொல்லவில்லை. அவற்றை வணங்கவும் கூடாது, உடைக்கவும் கூடாது என்பதே அதன் நிலை. அணிக்காகவும் நினைவூட்டலுக்காகவும் உருவங்கள் இருக்கலாம். ஆனால் ஓவியனின் கைத்திறனால் விளைந்த உருவத்தையும், இறைவனின் நேரடிக் கட்டளையால் மோசே செய்வித்த பேழையையும் ஒன்றாக எண்ணலாகாது என அது வாதிடுகிறது. விடுதலைப் பயணம் 25ஆம் அதிகாரம் பேழையின் மீதுள்ள இரு கெருபுகளைக் கூறுகிறது. அரசர்கள் முதல் நூலின் 6ஆம் அதிகாரம் சாலமோன் தம் கோயிலில் நிறுவிய இரு பெரிய கெருபுகளைக் கூறுகிறது. மொசைக்கில் சிறிய இருவரும் பெரிய இருவரும் ஒருங்கே காணப்படுவது இவ்விரு பகுதிகளின் இணைப்பாகும். எனவே உருவ வணக்கத்தை மறுத்த ஒருவர், உருவமாகத் தீட்டத் தகுந்தது எது என்று தாம் எழுத்தில் கூறியதையே மாடத்தில் காட்டினார் எனலாம். ஃப்ரீமனும் பால் மேவார்ட்டும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், பேழை வெறுமையாகக் காட்டப்பட்டிருப்பதைச் சுட்டி, பழைய உடன்படிக்கை கிறிஸ்துவில் நிறைவுற்றது என்னும் பொருளை இதற்குக் கொண்டனர்.

இவ்விளக்கங்கள் அறிவார்ந்தவை. ஆயினும் ஒவ்வொரு விளக்கமும் மொசைக்கின் நுண்கூறுகளைச் சார்ந்தது: கை எவ்வாறு வரையப்பட்டுள்ளது, விரல் எதைச் சுட்டுகிறது, பேழையின் உள்ளே என்ன உள்ளது என்பன. மொசைக்கோ 1840களில் தெயோதோர் கிரேத்தேன் என்பவரால் பழுதுபார்க்கப்பட்டது. பின்னர் தேவாலயம் மீளக் கட்டப்பட்டபோது மீண்டும் தலையீட்டுக்கு உள்ளானது. 1998இல் ஆன்-ஓரான்ஜ் புவால்ப்ரே இத்தேவாலயத்தின் அணிவேலைப்பாட்டில் அசலையும் மீட்டமைத்ததையும் பிரித்துக்காட்ட மேற்கொண்ட ஆய்வு இதனாலேயே முதன்மை பெறுகிறது. ஓவியத்தின் பொது அமைப்பைக் கொண்டு வாதிடும் விளக்கம் உறுதியாக நிற்கும். ஒற்றை விரலின் வளைவைக் கொண்டு வாதிடும் விளக்கமோ, அவ்விரல் 9ஆம் நூற்றாண்டினதா 19ஆம் நூற்றாண்டினதா என்பதை முதலில் காட்டக் கடமைப்பட்டுள்ளது.

ஆயிரம் ஆண்டு இடைவெளி

தெயோடுல்ஃபின் காலத்துக்கும் மறுசீரமைப்புக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் உள்ளன. கலை வரலாற்று நூல்கள் இக்காலத்தை ஓரிரு தொடர்களில் கடந்துவிடுகின்றன. அதே காலத்தில்தான் இக்கட்டடம் ஆயரின் தனிக்கோயில் என்னும் நிலையிலிருந்து ஊரின் தேவாலயமாக மாறியது.

9ஆம் நூற்றாண்டிலேயே கட்டடம் தீக்கிரையானது. லுவார் பள்ளத்தாக்கைச் சூறையாடிய நார்மன்களின் செயலாக இது பொதுவாகக் கூறப்படுகிறது. ஃப்ளெரி மடத்துத் தலைவர்களின் வரிசையைக் கூறும் இடைக்கால நூலொன்று, எரிவதற்கு முன் இத்தேவாலயம் சுதைப் பூவேலையாலும் மார்பிள் தளத்தாலும் அழகுற்றிருந்ததைப் புகழ்கிறது. அதன்பின் கட்டடம் சீர்செய்யப்பட்டு ஃப்ளெரி மடத்தின் சார்பில் இயங்கி, காலப்போக்கில் பங்கு ஆலயமாயிற்று. ஊர்மக்கள் கூடி வழிபட 10 மீட்டர்ச் சதுரம் போதவில்லை. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் மேற்கு மாடத்தின் இடத்தில் நீண்ட கூடம் ஒன்று இணைக்கப்பட்டது. மையம் நோக்கிய திட்டம், வழக்கமான கிழக்கு-மேற்கு நீட்சியுடைய திட்டமாக மாறியது.

கட்டடக்கலைத் தூய்மையை நாடுவோர் இக்கூடத்தைச் சிதைவு எனக் கருதக்கூடும். ஆனால் இக்கட்டடம் ஆயிரம் ஆண்டுகள் நிலைத்ததற்கு ஊர்மக்களின் பயன்பாடே காரணம். தெயோடுல்ஃபின் மாளிகை பயனற்றுப்போனதால் மறைந்தது. தேவாலயம் பயன்பட்டதால் எஞ்சியது. கூடம் இக்கட்டடத்தின் இரண்டாம் வாழ்வின் ஆவணம்.

மொசைக் எஞ்சிய முறையும் இதனோடு ஒப்புநோக்கத் தக்கது. காலப்போக்கில் மாடத்தின் கூரை சுண்ணாம்புப் பூச்சால் மூடப்பட்டு, அதன் அடியில் ஓவியம் இருப்பதே மறக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், தேவாலயத்தில் உதிர்ந்த வண்ணக் கண்ணாடித் துண்டுகளை வைத்துச் சிறுவர்கள் விளையாடியதைக் கண்டே ஓவியம் வெளிப்பட்டது என்னும் செய்தி வழங்கி வருகிறது. அச்செய்தி எவ்வாறாயினும், ஓவியத்தைக் காத்தது சுண்ணாம்புப் பூச்சே என்பதில் ஐயமில்லை. அழகுணர்வு சிறிதுமின்றிப் பூசப்பட்ட பூச்சு காத்த அளவுக்கு, பின்னாளில் பேரார்வத்தோடு செய்யப்பட்ட மீட்டெடுப்பு காக்கவில்லை.

1867–1876 மறுசீரமைப்பு

பிரான்சில் வரலாற்றுச் சின்னங்களுக்கான ஆணையம் 1837இல் அமைந்தது. ப்ரோஸ்பேர் மெரிமே தலைமைக் கண்காணிப்பாளராகப் பணியாற்றிய காலத்தில், பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் முதற்பட்டியல் 1840இல் வெளியானது. ஜெர்மிஞி அதில் இடம்பெற்றது. அப்போது கட்டடம் மிக நலிந்திருந்தது. சுவர்களின் நிலைப்பாடு ஐயத்துக்குரியதாயிற்று. 1867இல் கட்டடக்கலைஞர் ஜுஸ்த் லிஷ் பொறுப்பேற்ற பணி 1876இல் நிறைவுற்றது.

அப்பணியைப் பழுதுபார்த்தல் எனக் கூறுவது பொருந்தாது. மொசைக் தாங்கிய கிழக்கு மாடம் நீங்கலாக, கட்டடத்தின் பெரும்பகுதி இடிக்கப்பட்டு மீண்டும் கட்டப்பட்டது. பழைய சுவர்களிலும் கோபுரத்திலும் எஞ்சியிருந்த மொசைக் பகுதிகளும் சுதை வேலைப்பாடுகளும் பெரும்பாலும் அழிந்தன. சுதைத் துண்டுகள் சில ஓர்லேயான் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன; கிழக்கு மாடத்தின் கீழ்ப்பகுதியை அணிசெய்த சிறு வளைவு வரிசையின் மொசைக் முன்னர் எடுக்கப்பட்ட வரைபடங்களாலேயே அறியப்படுகிறது. கிழக்கு மாடத்தின் இருபுறமும் இருந்த சிறு மாடங்கள் இன்றைய கட்டடத்தில் இல்லை. சீராகச் செதுக்கப்பட்ட புதிய கற்களும், கூர்மையான விளிம்புகளும், தூய்மையான வெளிப்பரப்பும் கட்டடத்துக்கு வந்தன.

இங்கு முரண் ஒன்றும் உள்ளது. 9ஆம் நூற்றாண்டு வடிவை மீட்பதே நோக்கமாயின், மேற்கு மாடமும் மீள எழுந்திருக்க வேண்டும். அது எழவில்லை. இன்றும் மேற்குப் பக்கத்தில் கூடமே உள்ளது; அதன் வழியாகவே உள்ளே செல்ல வேண்டும். பங்கு மக்களின் வழிபாட்டுத் தேவை இதற்குக் காரணம் எனக் கொள்வது பொருத்தமாகும். ஆக, விளைந்த கட்டடம் தெயோடுல்ஃபின் கோயிலும் அன்று, ஊர்மக்கள் வழிவழியாகக் கண்ட கோயிலும் அன்று. எந்தக் காலத்திலும் இவ்வடிவில் நின்றிராத மூன்றாவது கட்டடம் அது.

மறுசீரமைப்பின் மதிப்பீடு

லிஷின் பணியை அவர் காலத்தின் கருத்துலகில் வைத்து மதிப்பிடுவதே முறை. அவர் பணி தொடங்குவதற்கு ஓராண்டு முன்னர், 1866இல் வெளியான தம் அகராதியின் எட்டாம் தொகுதியில், வியோலே-லெ-துக் மறுசீரமைப்புக்கு ஒரு வரையறை தந்தார். கட்டடத்தை முன்னெப்போதும் இருந்திராத ஒரு நிறைநிலைக்குக் கொணர்வதும் மறுசீரமைப்பாகலாம் என்பது அதன் சாரம். அறிவார்ந்த கட்டடக்கலைஞர், பழங்கலைஞரின் அக எண்ணத்தை உணர்ந்து அதனை நிறைவு செய்ய வல்லவர் என்னும் நம்பிக்கை அதற்கு அடித்தளம். அதற்கு முன்பே, 1849இல், இங்கிலாந்தின் ஜான் ரஸ்கின் மறுசீரமைப்பு என்பதே கட்டடத்துக்கு நேரக்கூடிய முழு அழிவு என எதிர்நிலை எடுத்திருந்தார். ஆகவே மாற்றுக் கருத்து அக்காலத்தில் இல்லாமலில்லை. பிரான்சின் அரசுப் பணியில் அது செல்வாக்குப் பெறவில்லை.

லிஷின் சார்பிலும் கூற வேண்டியது உண்டு. தலையீடு இன்றி விடப்பட்டிருந்தால் நலிந்த கட்டடம் முழுதும் சரிந்து மொசைக்கும் அழிந்திருக்கக்கூடும். தரைத்திட்டத்தின் அடிப்படையை அவர் கைவிடவில்லை. வளைவுகளின் குதிரைலாட வடிவையும் பேணினார். எனவே அவர் பணியை வெறும் அழிப்பு எனக் கூறுவது நடுநிலை ஆகாது.

ஆயினும் தேவைக்கும் விருப்பத்துக்கும் இடையே ஒரு கோடு உண்டு. சாயும் சுவரைத் தாங்குவது தேவை. எஞ்சியிருந்த சுதை வேலைப்பாட்டை அகற்றிச் சுவரைத் தூய்மையாக்குவது விருப்பம். முதலாவது கட்டடத்தைக் காக்கிறது. இரண்டாவது, கட்டடம் எவ்வாறு இருந்திருக்க வேண்டும் என்னும் கலைஞரின் கருத்தைக் கட்டடத்தின்மேல் ஏற்றுகிறது. 1964இல் வெளியான வெனிஸ் சாசனம் இக்கோட்டையே விதியாக்கியது. ஊகம் தொடங்கும் இடத்தில் மறுசீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்று அதன் 9ஆம் பிரிவு கூறுகிறது. கட்டடத்துக்கு எல்லாக் காலங்களும் அளித்த பங்களிப்பையும் மதிக்க வேண்டும் என்று 11ஆம் பிரிவு கூறுகிறது. ஏறத்தாழ நூறாண்டு பிந்திய விதியைக் கொண்டு லிஷைக் குற்றவாளியாக்குவது காலமுரண் ஆகும். ஆனால் அவ்விதி ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஜெர்மிஞி தெளிவான விளக்கமாக நிற்கிறது.

இம்மறுசீரமைப்பின் பின்னே ஒரு வரலாற்று விருப்பமும் செயல்பட்டது. 19ஆம் நூற்றாண்டுப் பிரான்சு தன் தேசியத் தொடக்கங்களைப் பழங்கட்டடங்களில் தேடியது. அத்தேடலுக்குச் சார்லமேன் காலக் கட்டடம் வேண்டியிருந்தது. சிற்றூர் மக்களின் பிற்காலக் கட்டடம் வேண்டியிருக்கவில்லை. பேரரசின் வரலாற்றுக்காக ஊரின் வரலாறு சுவர்களிலிருந்து நீக்கப்பட்டது. வியப்புக்குரியது யாதெனில், அந்நீக்கத்தில் பேரரசின் வரலாற்றுச் சான்றுகளும் சேர்ந்தே அழிந்தன. இடைக்கால அடுக்குகளை அகற்றினால் அடியில் அசல் கிடைக்கும் என்னும் எதிர்பார்ப்பு தவறானது. கட்டடத்தில் அடுக்குகள் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை.

சான்றுகளைத் தரம்பிரித்தல்

மேற்கண்டவற்றால் ஜெர்மிஞி பற்றிய சான்றுகளை நான்கு தரங்களாகப் பிரிக்கலாம். முதலாவது, உறுதியான சான்று: நிறுவியவரின் பெயர், பொதுவான காலம், நான்கு தூண்களும் மாடங்களும் கொண்ட தரைத்திட்டம், கிழக்கு மொசைக்கின் பொது அமைப்பு. இரண்டாவது, வரைபடங்களாலும் அருங்காட்சியகத் துண்டுகளாலும் மட்டும் அறியப்படுவது: சுதை வேலைப்பாடு, மறைந்த மொசைக் பகுதிகள், கிழக்கின் சிறு மாடங்கள். மூன்றாவது, ஐயத்துக்குரியது: அர்ப்பண நாளைக் கூறும் கல்வெட்டு, மொசைக்கின் பழுதுபார்க்கப்பட்ட நுண்கூறுகள். நான்காவது, 19ஆம் நூற்றாண்டுக்கு மட்டுமே சான்றாவது: சுவரின் கற்பரப்பு, கோபுரத்தின் இன்றைய தோற்றம், கட்டடத்தின் ஒட்டுமொத்த வெளிவடிவம்.

பொது நூல்களில் இத்தேவாலயத்தின் வெளித்தோற்ற ஒளிப்படம் ‘9ஆம் நூற்றாண்டுத் தேவாலயம்’ என்னும் குறிப்போடு வெளிவருவது வழக்கம். தரப்பகுப்பின்படி அப்படம் காட்டுவது நான்காம் தரச் சான்று. குறிப்போ முதல் தரச் சான்றுக்கு உரியது. படத்துக்கும் குறிப்புக்கும் இடையிலான இவ்விலகல், மாணவர் வழியே மாணவருக்குக் கடத்தப்படும்போது பிழை வரலாறாக நிலைபெறுகிறது. கரோலிங்கியச் சுவர் கட்டும் முறையை விளக்க ஜெர்மிஞியின் சுவரைக் காட்டுபவர், தாம் அறியாமலே லிஷின் காலக் கொத்தனாரின் கைவேலையை விளக்குகிறார்.

முடிவுரை

ஜெர்மிஞி-தே-ப்ரே தேவாலயம் தன் மதிப்பை இழந்த கட்டடம் அன்று; அதன் மதிப்பு தவறான இடத்தில் வைக்கப்பட்டுள்ளது என்பதே இவ்வாய்வின் முடிவு. தரைத்திட்டமும் மொசைக்கின் பொது அமைப்பும் 9ஆம் நூற்றாண்டு அறிஞர் ஒருவரின் இறையியலையும் பரந்த கலையறிவையும் அறிவதற்கு நம்பத்தக்க சான்றுகளாக நிற்கின்றன. சுவர்களும் கோபுரமும், 19ஆம் நூற்றாண்டு தன் கடந்த காலத்தை எவ்வாறு கற்பனை செய்துகொண்டது என்பதற்கு அதேயளவு மதிப்புடைய சான்றுகளாகும். இரண்டையும் பிரித்துப் படிக்கும்போது ஒரே கட்டடம் இரு காலங்களைப் பேசுகிறது. கலந்து படிக்கும்போது இரண்டையும் மறைக்கிறது.

இவ்விரு காலங்களுக்கும் இடைப்பட்ட ஊர்மக்களின் ஆயிரம் ஆண்டுகளே கட்டடத்தில் மிகக் குறைவான தடத்தை விட்டுள்ளன. கட்டடத்தை எரிந்தபின் சீர்செய்து, விரிவாக்கி, சுண்ணாம்பு பூசி, வழிபட்டுக் காத்தவர்கள் அவர்கள். மேற்குக் கூடத்தின் வழியே உள்ளே செல்லும் ஒருவர், அவர்கள் விட்டுச்சென்ற மிகப்பெரிய தடத்தைக் கடந்தே தெயோடுல்ஃபின் பேழையை அடைகிறார். அக்கூடத்தையும் வரலாற்றின் பகுதியாக எண்ணி எழுதப்படும் ஆய்வே இத்தேவாலயத்துக்கு நிறைவான நியாயம் செய்வதாக அமையும்.